எதிர்க்கட்சி ஏஜென்டின் வணக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊரில் நெடுங்காலம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர் வயது காரணமாகப் பொறுப்பை விட்டிருக்கிறார். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. நான் அந்தக் கட்சிக்காரன் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதே வாக்குச்சாவடியில் எதிர்க்கட்சி ஏஜென்டாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

விழாவில் பொன்னாடைக்குக் குறைவில்லை. வந்தவர்கள் குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி நடத்திய போராட்டத்தையும், அது சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐயும் பேசினார்கள். 1969 இடைத்தேர்தலில் காமராசர் நாகர்கோவிலில் ஜெயித்த கதையும் வந்தது. சரி, அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் மேடையில் உட்கார்ந்திருந்த மனிதர் இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரிடம் மைக்கைக் கொடுத்தபோது பந்தியில் இலை போட்டாயிற்று. "எல்லாருக்கும் நன்றி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று முடித்துக்கொண்டார்.

அவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஓட்டுப்பதிவு நாளில் மட்டும் வெட்டுக்குப் போகமாட்டார். இருட்டு விலகுமுன் சாவடி வாசலில் நிற்பார். ஓட்டுப்பதிவு தொடங்குமுன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் 50 ஓட்டாவது போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா? எண்ணி முடித்ததும் அந்தக் கணக்கை இயந்திரத்தில் அழித்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டு அலுவலரை ஒரு வழி பண்ணிவிடுவார். மாலையில், சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கையில் வாங்காமல் இடத்தைவிட்டு அசையமாட்டார். என் நகலையும் வாங்கி எண்ணைச் சரிபார்த்துத்தான் தருவார்.

2021 ஏப்ரல் 6 அன்று எங்கள் மாவட்டத்துக்கு இரட்டை ஓட்டு. சட்டமன்றத்துக்கு ஒன்று, எம்.பி.யாக இருந்த வசந்தகுமார் மறைவால் வந்த மக்களவை இடைத்தேர்தலுக்கு ஒன்று. ஒரு பாட்டி முதல் ஓட்டைப் போட்டதும் வேலை முடிந்தது என்று வெளியே நடந்தார். இவர்தான் கவனித்து, அலுவலரிடம் சொல்லித் திரும்பக் கூப்பிட வைத்தார். அந்தப் பாட்டி வீட்டு ஓட்டு பரம்பரையாக எங்கள் கட்சிக்கு என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா என்ன!

2017-இல் ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்தபோது நிவாரண மனு எழுதிக் கொடுத்ததிலும் அவர் கட்சி பார்க்கவில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோதோ ஊரே அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். எந்த மருமகள் எந்த ஊரிலிருந்து வந்தவள், கேரளத்துக்கு வேலைக்குப் போனவன் அப்போது எந்த வீட்டு விலாசத்தில் இருந்தான், ஒரே தெருவில் மூன்று ராஜன் இருந்தால் எவன் யார் மகன் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் ஆட்களையும் நானே அங்கேதான் அனுப்பினேன்.

அவருடைய கட்சிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாலையும் நினைவுப் பரிசும் கொடுத்தாயிற்று. அப்புறம், அடுத்த தேர்தலில் என் பக்கத்தில் உட்காரப்போகிற பையன் யாரோ, அவனை இப்போதே அவரோடு வீடு வீடாக நடக்கவிடுங்கள். பட்டியலை வாசிக்கத் தெரியாதவனோடு நாள் முழுக்கச் சண்டை போட என்னால் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம்.