ஓரடி உயரத்தில் ஒரு குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடற்கரையில் பனை விதை நட்ட செய்தியும் படமும் உங்கள் நாளிதழில் பார்த்தேன். நல்ல காரியம்தான். எங்கள் மகளிர் குழுவும் மூன்று வருடம் முன்பு குளத்தங்கரையில் நட்டது. முளைத்ததில் பாதியை மறு வருடம் கரையைச் சரிசெய்ய வந்த பொக்லைன் வாரிக்கொண்டு போய்விட்டது. அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது ஒரு சிமென்ட் குழாயைப் பற்றி.

வேதாரண்யம் தாலுகாவில் கடைமடைக் கிராமம் எங்களுடையது. எனக்குச் சொந்தத்தில் இரண்டு ஏக்கர், குத்தகைக்கு ஒரு ஏக்கர். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள் என்றால் மேலே உள்ளவர்களுக்குக் குறுவை. தண்ணீர் எங்கள் மதகைத் தொடும்போது ஆடி போய்விடும். ஆவணியில் நேரடியாக விதைப்போம். ஒரே போகம் சம்பா, வருடம் முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறோம்.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று கேட்டு வளர்ந்தவள் நான். மழை எங்களுக்குப் புதிதில்லை. பெய்கிற விதம்தான் மாறிவிட்டது. பத்துப் பதினைந்து நாள் விட்டு விட்டுப் பெய்ய வேண்டியது இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. பிறகு வெயில். 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அப்படித்தான். தை மாதத்தில் இப்படி ஒரு மழையா என்று என் மாமியார் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

வானத்தை யாரும் நிறுத்த முடியாது, சரி. பெய்த தண்ணீர் வடிய வேண்டுமே? எங்கள் ஊர் வடிகால் ஒன்றரை மைல் ஓடி, கடைசியில் வேதாரண்யம் கால்வாயில் சேருகிறது. நடுவில் ஒரு சாலை குறுக்கிடுகிறது. அந்த இடத்தில் முன்பு கருங்கல் வைத்துக் கட்டிய இரண்டு கண் பாலம் இருந்தது. சிறுவயதில் அதற்குள் புகுந்து நண்டு பிடித்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். பாலத்தை எடுத்துவிட்டு இரண்டு குழாய் பதித்தார்கள். வாய்க்கால் தரையிலிருந்து ஓரடி உயர்த்திப் பதித்துவிட்டார்கள். கொத்தனார் வேலை பார்க்கும் என் தம்பி மகன் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துச் சொன்னான். வயலில் முக்கால் அடி தண்ணீர் நிற்கும்போதே குழாயில் ஓட்டம் நின்றுவிடுகிறது. மிச்சத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால்தான் உண்டு. அதற்குள் பயிர் அழுகிவிடும். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் என்று சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் விதை கொடுக்கிறார்கள். தாங்குகிறதுதான், நான் போட்டிருக்கிறேன். அதற்காகக் குழாயை மேலே வைத்துவிட்டு நெல்லை மூச்சடக்கச் சொல்வது என்ன நியாயம்?

சும்மா புலம்பினால் எவரும் கேட்கமாட்டார்கள் என்று எங்கள் குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் பின்சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்துக்குப் பெயிண்டில் கோடு போட்டு, வடிய எத்தனை நாள் ஆனது என்று பக்கத்தில் எழுதிவைக்கிறோம். 2020 டிசம்பர் புரெவிப் புயல், ஒன்பது நாள். 2021 நவம்பர், பதினொரு நாள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் கடலில் நகராமல் நின்ற அந்த வாரத்து மழைக்குப் பதின்மூன்று நாள். 2021-ஐவிட இந்த முறை கோடு நாலு விரல் தாழ்வுதான். ஆனால் நாள் கூடிவிட்டது. காரணம் குழாய் வாயில் அடைத்துக்கொண்ட ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். (அந்தச் செடிக்கு நெய்வேலியின் பெயர் எப்படி வந்ததோ, பாவம் அந்த ஊர்.)

அதுவரை சேர்ந்திருந்த கணக்கை ஒரு நோட்டில் எழுதி, 2023 மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் கொடுத்தோம். தீர்மானம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டோம். அதற்கப்புறம் நடந்த ஒவ்வொரு சபையிலும் கேட்டோம், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானம் எழுதினார்கள். பழைய தீர்மானம் என்ன ஆனது என்று கேட்டால் பதில் இல்லை. சாலை ஓர் அலுவலகத்துக்கு, வடிகால் இன்னோர் அலுவலகத்துக்கு, குழாய் யாருக்கும் இல்லை. 2025 ஜனவரி 5-ஓடு ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர் பார்க்கிறார். அவருக்கு எங்கள் ஊர் மட்டுமா? முன்பாவது தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு வருவோம்.

பெரிய வேலையே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 2016-ல் வந்த வெண்ணாறு வடிநிலத் திட்டத்துக்குப் பெயரிலேயே காலநிலை மாற்றம் இருக்கிறது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் என்று ஆறு இடங்களில் எடுத்துச் செய்தார்கள். கரையும் மதகுகளும் சீரான இடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஊருக்குள் நிற்கிற தண்ணீர் அந்தக் கால்வாய்க்குப் போய்ச் சேரவேண்டுமே. 2022-லிருந்து ஆட்சியர் தலைமையில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்றும் இருக்கிறது. அதன் பட்டியலில் எங்கள் குழாய் மாதிரிச் சமாச்சாரங்கள் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். எந்த இடத்தில் தண்ணீர் மறித்து நிற்கிறது என்று ஊர்ப் பெண்களைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஊராட்சிக்கு இதெல்லாம் முடியாது என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை வைத்து மின்வாரியத்துக்குக் கரண்ட் விற்றது. நாங்கள் காற்றாலை கேட்கவில்லை. அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று சொன்ன 29 இனங்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் மூன்றாவதாகவே வருகிறது. பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் புத்தகத்தில் காட்டினாள்.

கேட்பது இரண்டுதான். அடுத்த கிராம சபையில் புதுத் தீர்மானம் எழுதும் முன், பழைய தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று வாசிக்க வேண்டும். எங்கள் ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும். இரண்டாவது, ஐப்பசி பிறக்கும் முன் அந்தக் குழாய்களை எடுத்துவிட்டு, வாய்க்கால் தரை மட்டத்துக்குப் பெட்டிப் பாலம் கட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் இந்த வருடத்துக்கு அதே குழாய்களையாவது ஓரடி இறக்கிப் பதியுங்கள். ஆகாயத்தாமரையை எடுக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடலாம். போன வருடமே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நாங்கள்தான் இழுத்துப் போட்டோம். குழாயைப் பெயர்க்க எங்களிடம் இயந்திரம் இல்லை.

விதைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. இன்று காலைகூடப் போய்ப் பார்த்தேன், குழாய் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருத்தி,
வேதாரண்யம் தாலுகா, நாகப்பட்டினம் மாவட்டம்.
செப்டம்பர் 2025