வைவாக்ஸ் மலேரியாவுக்கும் தடுப்பூசி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடப்படுவதையும், அவற்றுள் ஒன்று புனேயில் தயாராவதையும் அறிந்தவர்கள், அதை நம் மாவட்டத்தில் ஏன் போடவில்லை என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் பரிந்துரைத்த ஆர்21 ஆகிய இரண்டுமே பால்சிபாரம் வகை ஒட்டுண்ணிக்கு எதிரானவை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் காணப்படுவதோ வைவாக்ஸ் என்னும் வேறு வகை மலேரியா ஒட்டுண்ணி. அதற்கு இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி கிடையாது.

இவ்விரு தடுப்பூசிகளும், கொசு கடிக்கும்போது உடலில் நுழையும் ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்களை (நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களை) முதன்மையாக நம்பியிருக்கின்றன. ஒட்டுண்ணி கல்லீரலை அடைவதற்குள் அதை மடக்க வேண்டும். தப்பிச் சென்ற ஒன்றே அங்கு ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். எதிர்ப்பொருள்களின் அளவு நாளடைவில் குறைந்துவிடுவதால் நான்காவது தவணையும் தேவைப்படுகிறது. 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், நான்கு தவணை ஆர்டிஎஸ்,எஸ் நான்காண்டுக் கண்காணிப்பில் நோயைக் குறைத்தது 36 சதவீதம் அளவுக்கே. உயிர் காக்கும் பயன்தான், ஆனால் போதாது.

கல்லீரலுக்குள் புகுந்த ஒட்டுண்ணியை எதிர்ப்பொருளால் எட்ட முடியாது. அங்கு வேலை செய்பவை சிடி8 டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். ஒட்டுண்ணி புகுந்த கல்லீரல் செல் அதன் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட, அந்த அடையாளத்தைக் கண்டு டி செல்கள் அதை அழிக்கின்றன. கதிர்வீச்சால் வலுவிழந்த ஒட்டுண்ணியைச் செலுத்தி எலிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கலாம் என்று விஞ்ஞானி ரூத் நுசென்ஸ்வைக் 1967இலேயே காட்டினார். அந்தப் பாதுகாப்பில் டி செல்களின் பங்கு பெரிது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆனால் முதிர்ந்த சிவப்பணுவில் துணுக்குகளை அப்படி ஏந்திக் காட்டும் அமைப்பு இல்லாததால், ஒட்டுண்ணி கல்லீரலிலிருந்து வெளியேறிச் சிவப்பணுக்களில் பெருகும் ரத்தக் கட்டத்தில் சிடி8 செல்களுக்கு வேலையில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

நமக்கு முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. வைவாக்ஸ் எல்லாச் சிவப்பணுக்களிலும் புகுவதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் சிவப்பணுக்களையே நாடுகிறது. அவற்றில் அந்த அமைப்பு இன்னும் எஞ்சியிருக்கிறது. பிரேசில் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, சிடி8 செல்கள் இவ்விளம் அணுக்களை இனங்கண்டு, உள்ளிருக்கும் ஒட்டுண்ணியையும் சேர்த்துக் கொல்வதைக் காட்டியது. எதிர்ப்பொருள், டி செல் இரண்டையும் தூண்டும் தடுப்பூசி வைவாக்ஸுக்குப் பொருத்தமாக அமையலாம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிவரும் அட்ஃபால்சிவாக்ஸ் தடுப்பூசியும் பால்சிபாரத்துக்கு எதிரானதே என்பதால் இந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய தடை உண்டு. பால்சிபாரத்தைப் போல வைவாக்ஸைப் பரிசோதனைக் கூடத்தில் தொடர்ந்து வளர்க்க முடியாது. நோயாளியிடமிருந்து அப்போதே எடுத்த ரத்தம் வேண்டும். ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலத் தொழிலாளர்கள் வந்துபோகும் ஒசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். இந்திய அறிவியல் கழகம் அங்கே இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நோயாளியின் சம்மதத்தோடும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் சில மணி நேரத்தில் மாதிரியைச் சேர்ப்பது இயலாத காரியமல்ல.

நோயாளிகளே குறைந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது நாட்டின் இலக்கு. வைவாக்ஸோ கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலாகத் திரும்பும். அதை ஒழிக்க பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விழுங்க வேண்டும். நுண்ணோக்கியில் ரத்த ஸ்லைடு பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காய்ச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்துவோர் பலர், வேலை முடிந்து ஊர் மாறுவோரைத் தேடிப் பிடிப்பது அதைவிடக் கடினம்.

ஆகவே, மேற்கண்ட மாதிரி சேகரிப்பு ஏற்பாட்டை மாநில சுகாதாரத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிசீலிக்க வேண்டும். தடுப்பூசி வரும்வரை, சிகிச்சையின் நடுவே இடம்பெயரும் தொழிலாளியின் விவரத்தை அவர் செல்லும் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தெரிவிக்கும் முறையையாவது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.