ஜப்பானின் ஹிமேஜி கோட்டையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஹிமேஜி நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் அப்பாவும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அப்பா ஆயுசு முழுக்க மரவேலை செய்தவர். வெள்ளைவெளேர் என்று நிற்கும் உங்கள் கோட்டையை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றுதான்: "உள்ளே மரம் எப்படி நிக்குது?"

அதற்கு விடை சொன்ன தன்னார்வ வழிகாட்டி ஐயாவுக்கு முதல் நன்றி. பாதி ஜப்பானிய மொழி, மீதி கைபேசி மொழிபெயர்ப்பு. அன்று ஹிமேஜியை ஆண்ட பிரபு இகெதா தெருமசா 1609இல் கட்டி முடித்த பெரிய கோபுரம், வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தடுக்கு. உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெருந்தூண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். 1956 முதல் 1964 வரை கோபுரத்தையே பிரித்து மறுபடி கோத்திருக்கிறார்கள். மேற்குத் தூணை அப்போது மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் வாய்க்காததால் இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் இணைத்தார்களாம். அந்த இடத்தை நீங்கள் காட்டியதும் அப்பா நகரவே இல்லை. பின்னால் வந்தவர்களை வேறு பக்கமாக அனுப்பிவிட்டு நீங்களும் கூடவே நின்றீர்கள். அதை மறக்க மாட்டோம்.

அந்தத் தச்சர்களுக்கும், 2009 முதல் 2015 வரை ஓடுகளைச் சீராக்கிச் சுண்ணச்சாந்து பூசியவர்களுக்கும் நன்றி. ஓட்டு இடுக்கிலும்கூட அந்தப் பூச்சு இருக்கிறது. நெருப்புக்கும் மழைக்கும் அதுதான் காப்பு, அழகு அப்புறம்தான். வேலை முடிந்தபோது "ரொம்ப வெளுப்பு" என்று சிலர் குறைப்பட்டார்களாம். எந்த ஊரில்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்!

ஹிஷி வாசலைத் தாண்டியதும் நக்கமுரா ஷிகெதோவின் நினைவுக்கல்லை நீங்கள் காட்டாவிட்டால் கவனிக்காமலே போயிருப்போம். நாடெங்கும் கோட்டைகளை இடித்துக்கொண்டிருந்த 1870களில், இதைக் காக்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுத்த ராணுவ அதிகாரி அவர். பின்னால் 1945இல் குண்டுவீச்சில் ஊர் எரிந்தபோதும் கோட்டை தப்பியது. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கழற்றிய செருப்பை வைத்துக்கொள்ளப் பை தந்த பெண்ணுக்கும், ஏணிபோல் செங்குத்தான படிகளில் அப்பா இறங்கும்வரை வரிசையை நிறுத்திவைத்த காவலருக்கும் எங்கள் வணக்கம். அப்பாவின் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தூண் இணைப்பை ஒரு அட்டையில் வரைந்து, தெரிந்த ஆசாரிகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பாவும் மகளும்