நகராட்சியில் சேர்ந்திருக்கும் உன் மகளுக்காக

அன்புத் தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மகள் குரூப் 4 தேர்வில் தேறி, நகராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். "புதிதாக ஏதாவது செய்ய விடுவார்களா?" என்று அவள் கேட்பதாக எழுதியிருந்தாய், ஒரு வரியில் பதில் சொல்ல இயலாத கேள்வி அது.

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் என்னோடு ஒரு பெண் பணிபுரிந்தார். பெயரிலோ தலைப்பெழுத்திலோ விழுந்த ஒரு பிழைக்காக, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் பெற்றோர் படும் அலைச்சலை அன்றாடம் பார்த்தவர். சான்றிதழை அச்சிடுமுன் விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் பெறலாம் என்று குறிப்பு வைத்தார். செலவு வெறும் தாள்தான். கோப்பு மேலே போய், "முன்னுதாரணம் உண்டா?" என்ற கேள்வியோடு இறங்கி வந்தது. யாரும் மறுக்கவில்லை, ஒப்புதலும் தரவில்லை.

மேலதிகாரியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புதிதாகச் செய்த ஒன்று பிசகினால் தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையாளரின் ஆட்சேபணை வரும், அது தீராவிட்டால் ஓய்வு பெறும்போது பணப்பலன்கள் இழுபறியாகும். ஒன்றுமே செய்யாதவருக்கு மெமோ வந்து நான் பார்த்ததில்லை.

இந்த அச்சம் இருபாலருக்கும் பொது என்றாலும், கோப்பு திரும்பி வந்த பிறகு நடப்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஆண் ஊழியரின் குறிப்பு, மாலையில் டீக்கடையிலோ ஆய்வுக்குப் போகும் ஜீப்பிலோ பேசப்பட்டு, மறுநாள் மீண்டும் மேலேறும். அந்நேரம் அந்தப் பெண் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருப்பார். (குப்பை அள்ளப் பேட்டரி வண்டி வாங்கும்போது, அதை ஓட்டப்போகும் தூய்மைப் பணியாளப் பெண்ணை ஒருவரும் கேட்காததும் இந்த வகைதான்.)

தமிழ்நாட்டு அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் பெண்களுக்கென 1989இல் வந்த 30 விழுக்காட்டு ஒதுக்கீடும், 2021இல் அறிவிக்கப்பட்ட 40 விழுக்காடும் அவர்களை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தன. உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால் பதவி உயர்வு பெரும்பாலும் வெளியூர் மாறுதலோடு வருவதால், பிள்ளையின் பொதுத்தேர்வையும் மாமியாரின் உடல்நலத்தையும் எண்ணி அதை வேண்டாமென எழுதிக் கொடுத்த பெண்களை நீயும் அறிவாய். இப்படித்தான், மக்களின் சிரமத்தைக் கவுண்டரில் நேரில் கண்டவர்கள், ஒப்புதல் கையெழுத்திடும் நாற்காலிக்குப் போய்ச் சேருவதே இல்லை.

உன் மகளிடம் இதைச் சொல். யோசனையை வாய்மொழியாக விடாமல், தேதியும் சுருக்கொப்பமும் இட்டுக் கோப்பில் ஏற்றட்டும். பக்கத்து நகராட்சியில் அதே நடைமுறை இருந்தால் அதன் நகலையும் இணைக்கட்டும். முன்னுதாரணக் கேள்விக்கு அதுவே விடை. ஆணையரின் ஒப்புதலோடு நகர்மன்றக் கூட்டத்தில் விவாதப் பொருளாக வைக்கப்பட்டுத் தீர்மானமும் நிறைவேறிவிட்டால், தணிக்கைக்கு அஞ்சும் அதிகாரியும் துணிந்து கையெழுத்திடுவார். எந்தப் பிரிவில் அமர்த்தியிருக்கிறார்கள் என்று எழுது; வரிப் பிரிவு என்றால் சொல்ல வேறு பல உண்டு.

அன்புடன்,
உன் தோழி