சட்டப் பயிற்சி நாளும் ஒரு துண்டுச் சீட்டும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் பரிசுகள் வந்தன, கலைத் திருவிழாவிலும் குறைவில்லை. கழிப்பறைக்கு ஒருவழியாகத் தண்ணீர் இணைப்பு கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், சென்ற மாதம் நடந்த சட்ட விழிப்புணர்வுப் பயிற்சி. வட்ட சட்டப் பணிகள் குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞர் அம்மாவும் சட்டத் தன்னார்வலர் ஒருவரும் வந்திருந்தார்கள். அம்மாக்கள் நிறையப் பேர் வந்தீர்கள். அப்பாக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டீர்கள். தேநீர் வந்தபோதுதான் மறுபடி பார்த்தேன். அதனால் உள்ளே நடந்ததை அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பெயர் எழுதாமல் கேள்வி போடுவதற்காக ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தோம். கணவர் வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் என்ன செய்வது, அப்பா சொத்தில் பங்கு உண்டா, வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் என்ன வழி என்றெல்லாம் வந்தன. (கடைசிக் கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.) டின்னின் அடியில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் தாள் கிடந்தது. "பதினெட்டு முடிய இன்னும் மூணு மாசம் இருந்தா பரவாயில்லையா?"

வழக்கறிஞர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மூணு நாள் இருந்தாலும் குழந்தைத் திருமணம்தான்" என்றார். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடத்திவைப்பவருக்கும், தெரிந்தும் விட்டுவிடும் பெற்றோருக்கும் 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு (விட்டுவிடும் தாய்க்குச் சிறை மட்டும் கிடையாது). மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு, மாப்பிள்ளைக்கு அப்போதுதான் லீவு என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, இதோடு முடிந்திருக்கலாம். மறுநாளே, எழுதியது யார் என்று தேட ஆரம்பித்துவிட்டீர்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நோட்டுகளைக் கொடுங்கள் என்று இரண்டு பேர் என் அறைக்கே வந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்களின் பதற்றம் எனக்கும் தெரியும். எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளையின் நோட்டும் இதற்காக யார் கையிலும் தரப்படாது. அந்தச் சீட்டை அன்றே கிழித்துப் போட்டாயிற்று. சந்தேகத்தின் பேரில் ஒரு பெண்ணை அடித்தாலோ, பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினாலோ குழந்தைகள் உதவி எண் 1098க்கு நானே போன் செய்வேன்.

கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடுப்புக் குழந்தையோடு மதியம்வரை உட்கார்ந்து கேட்ட அம்மாக்களுக்கும், மரத்தடியில் இருந்தாலும் முடிவில் வந்து நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்த இரண்டு அப்பாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். விண்ணப்ப வேலையை எங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த பயிற்சி வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. அப்பாக்கள் அவசியம் வரவும். இந்த முறை கையெழுத்து கடைசியில்தான். தேநீரும் அப்போதுதான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி