உபாலி சாத்திய கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பௌத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மற்ற மதங்களுக்கு வாசல் உண்டு, பௌத்தத்துக்கு வாசலே கிடையாது, யாரும் வரலாம் போகலாம் என்கிறார் கட்டுரையாளர். பாதி சரி. மீதிப் பாதியை அவர் தொடவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்தவத்தில் சேர ஞானஸ்நானம் வேண்டும், இஸ்லாமில் கலிமா சொல்ல வேண்டும், யூதர்களிடம் தாய் யார் என்ற கேள்வி வரும், இந்துவாகப் பிறந்தால் சாதியும் கூடவே பிறந்துவிடும். பௌத்தத்தில் குடும்பஸ்தர் ஒருவர் உபாசகர் ஆக புத்தம், தம்மம் (அவர் போதனை), சங்கம் (துறவியர் கூட்டம்) மூன்றையும் சரணடைகிறேன் என்று மூன்று முறை சொன்னால் போதும். பஞ்சசீலம் என்கிற ஐந்து ஒழுக்கங்கள்கூட மேலிருந்து வரும் கட்டளை கிடையாது, கொல்லாமலிருக்கும் பயிற்சியை ஏற்கிறேன் என்று அவரே சொல்லிக்கொள்வதுதான். தவறினால் விலக்கி வைக்க ஆளில்லை. குழந்தை பிறந்தால் ஷிண்டோ ஆலயத்துக்கும் ஆள் இறந்தால் பௌத்தக் கோயிலுக்கும் போகிற ஜப்பானியர்களை, நீ எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. தலாய் லாமாவே மேற்கு நாட்டவரிடம் உங்கள் மதத்திலேயே இருங்கள் என்று பலமுறை சொன்னவர். இதுவரை கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி கதை ஒன்று இருக்கிறது. நாளந்தாவில் இருந்த பணக்காரர், சமணர்களின் பெரிய புரவலர். புத்தரை வாதத்தில் மடக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறார். கோதமருக்கு (புத்தரைத்தான் அப்படிச் சொல்கிறார்) ஆளை மயக்கும் மாயம் தெரியும், போகாதே என்று கூட இருந்த துறவி ஒருவர் தடுக்கிறார், கேட்கவில்லை. போய், தோற்று, உங்கள் சீடனாகிறேன் என்று புத்தரிடமே சொல்கிறார். தீர விசாரித்துவிட்டு முடிவெடு, உன்னைப் போல நாலு பேருக்குத் தெரிந்தவர்கள் அவசரப்படக்கூடாது என்கிறார் புத்தர். வேறு யாராவது என்றால் 'உபாலி எங்கள் ஆள்' என்று நாளந்தா முழுக்கக் கொடி பிடித்திருப்பார்களே என்று உபாலிக்கு ஆச்சரியம். அதற்கும் மேலே போய், உன் வீட்டில் இத்தனை காலம் சாப்பிட்ட சமணத் துறவிகளுக்கு உணவளிப்பதை நிறுத்திவிடாதே என்கிறார் புத்தர்.

சரி, உபாலி வீட்டுக்குப் போய் என்ன செய்தார்? வாசல்காவலனைக் கூப்பிட்டு, இனி சமணத் துறவிகளுக்கு இந்தக் கதவு கிடையாது, சோறு வேண்டுமானால் வெளியே நிற்கட்டும், அங்கேயே கொண்டுவந்து தருவார்கள் என்று சொல்லிவிட்டார்! குரு திறந்து வைத்ததைச் சீடன் அன்றைக்கே சாத்திவிட்டான். கட்டுரையாளர் பேசியது குருவை மட்டும். நாம் பௌத்தம் என்று பார்ப்பதில் பெரும்பகுதி சீடர்கள் நடத்துவதுதானே.

இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்துபோன துறவுப் பரம்பரையை மீட்க 1753-ல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) ஒரு தேரர், அதாவது மூத்த துறவி, வந்தார் (அவர் பெயரும் உபாலிதான்). அப்படி உருவான சியாம் நிகாயம் என்ற துறவியர் பிரிவில் கொஞ்ச காலத்திலேயே கொவிகம என்ற உயர்நிலைச் சாதிக்காரர்களுக்கு மட்டும்தான் உபசம்பதா (முழுத் துறவு) என்றாகிவிட்டது. மற்ற சாதியினர் கப்பலேறி பர்மாவின் அமரபுரத்துக்குப் போய்த் துறவு வாங்கி, 1803-ல் திரும்பித் தனி நிகாயமே தொடங்க வேண்டியிருந்தது. சாதி பார்க்காத சங்கம் என்று இன்னமும் கூசாமல் எழுதுகிறோம்.

அதற்காகச் சாத்திய கதவெல்லாம் ஒன்று என்று சொல்லமாட்டேன். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தன்னோடு பௌத்தத்துக்கு மாறியவர்களுக்கு அம்பேத்கர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரனை வணங்கமாட்டேன் என்பதுதான் முதலாவது. உபாலி செய்ததை விடக் கறாரானது. ஆனால் பழைய வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடிபட்டு வெளியே வந்தவரிடம், அந்தக் கதவையும் திறந்தே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 'யாரும் வரலாம்' என்பதில் பெண்களும் சேர்த்தியா என்று கட்டுரையாளரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெண்களுக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்று 1928-ல் தாய்லாந்து சங்கத் தலைவர் உத்தரவு போட்டார். அங்கிருந்து பிக்குணியாக (பெண் துறவியாக) விரும்பிய பெண்கள் இலங்கைக்குப் போய்த் தீட்சை வாங்கி வந்திருக்கிறார்கள். அது பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்