ஃபிலிம் ஒன்றுதானாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய மீடியம் ஃபார்மட் கேமரா (சாதாரண 35 மி.மீ.-ஐவிட அகலமான ரோல் ஃபிலிம் போடுவது) வாங்குவோருக்கான கட்டுரையில் ஒரு வரி: எந்தக் கேமராவை வாங்கினாலும் கவலையில்லை, ஃபிலிம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். வரி அங்கேயேதான் இருந்தது.

இந்தக் கேமராக்களுக்கான ரோல் ஃபிலிம் வகைகளில் 120, 220 இரண்டும் ஒரே அகலம், சுற்றியிருக்கும் ஸ்பூலும் ஒன்றே என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1901 முதல் இருக்கும் 120-க்குப் பின்னால் முழு நீளத்துக்கும் காகிதம் ஓடும். 1965-இல் வந்த 220-க்குத் தலைப்பிலும் வாலிலும் மட்டுமே காகிதம். அந்த இடம் மிச்சமானதால்தான் இரண்டு மடங்கு நீளம், இரண்டு மடங்கு படம். மொத்தத் தடிமன் மாறுவதால் ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மாற வேண்டும், எண்ணிக்கை மாறுவதால் படத்தை எண்ணும் கவுண்டரும் மாற வேண்டும். யாஷிகா மேட் 124ஜி-யில் பிளேட்டை நகர்த்தினால் போதும். ஹாசல்பிளாடில் கழற்றி மாட்டும் ஃபிலிம் பேக்கே வேறு: 120-க்கு ஏ12, 220-க்கு ஏ24. யாஷிகா 24 என்றே ஒரு கேமரா உண்டு, 220-க்கு மட்டுமானது. உங்கள் கட்டுரையை நம்பி அதை வாங்கிவிட்டு ஃபிலிமுக்கு அலையும் வாசகருக்கு யார் பதில் சொல்வது?

நான் உதவியாளனாக இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 6x7 செ.மீ. படம் எடுக்கும் கேமரா, வாடகைக்கு எடுத்த நான்கு ஃபிலிம் பேக்குகள். மூன்று 120-க்கானவை, ஒன்று 220-க்கானது. அதன் ஸ்டிக்கர் எப்போதோ உரிந்து போயிருந்தது. கொடுத்தவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கிலும் 120 ரோலையே ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்துப் படத்தோடு ஃபிலிம் தீர்ந்துவிட்டது. கவுண்டர் மட்டும் 20 வரை நிதானமாக எண்ணியது. மாடலிடம் அன்று காலை முழுக்க வராத முகபாவம் அந்தப் பதினோராவது க்ளிக்கில்தான் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பேக்கைத் திறந்தபோது காகிதம் கடைசிவரை சுற்றி முடிந்து தயாராக இருந்தது. வேலை மிச்சம் என்று நினைத்து நாக்கால் நனைத்து ஒட்டி வைத்தேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

லேபிலிருந்து பத்து நெகட்டிவ்கள் வந்தன. என் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள், சரி, ஏற்றியவன் நான்தானே. பேக்கை வாடகைக்குக் கொடுத்தவரோ ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டாமல் அடுத்த வாரமே அதை இன்னொருவருக்குக் கொடுத்தார்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. 120 பேக்கில் 220 போட்டால் கவுண்டர் பாதியிலேயே முடித்துக்கொள்ளும், மீதி ஃபிலிம் வெறுமனே சுற்றிப் போகும். எடுத்த பாதியிலும் பிளேட் சரியாக அழுத்தாததால் ஃபிலிம் தட்டையாக நிற்காது, கூர்மை போகும். பட எண்ணைப் பார்க்கப் பின்பக்கம் சிவப்புச் சன்னல் உள்ள கேமராவில் போட்டாலோ வெளிச்சத்தைத் தடுக்கக் காகிதமே இல்லை, வெளிச்சம் பட்டு மொத்தமும் கெட்டுவிடும்.

இப்போது பெரிய கம்பெனிகள் 220 தயாரிப்பையே நிறுத்திவிட்டன. பிறகென்ன பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். பிரச்சினையே இப்போதுதான். 220 பேக்கை யாரும் சீந்துவதில்லை, அதனால் விலை மலிவு. புதிதாக வரும் பிள்ளைகள் அதைத்தான் வாங்குகிறார்கள். அதில் 120 ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாதியில் நிறுத்த வேண்டும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னது ‘கவலையில்லை’ என்று.

பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. முன்பொரு இதழில், 620 கேமராவுக்கு (ஃபிலிம் 120-தான், ஸ்பூல் மட்டும் வேறு) 120 ஸ்பூலின் விளிம்பை நகவெட்டியால் கத்தரித்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். எடுத்த ஃபிலிம் போய்ச் சுற்றிக்கொள்ளும் பக்கத்தில் 620 ஸ்பூல்தான் வேண்டும், அதன் துளையே சின்னது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிளாஸ்டிக் துகள் உள்ளே விழுந்து ஃபிலிமைக் கீறுவது தனிக்கதை. இருட்டறையில் 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றுவதுதான் முறை. அப்போதும் ஃபிலிமைக் காகிதத்தோடு டேப் ஒட்டிய இடத்தில் ஃபிலிம் உப்பும், டேப்பை எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். இதையெல்லாம் விளக்கி அன்றே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ‘இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

டிஜிட்டல் கேமராவின் 44x33 மில்லிமீட்டர் சென்சாரை நீங்கள் ‘உண்மையான மீடியம் ஃபார்மட்’ என்று எழுதியதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. 6x6 செ.மீ. நெகட்டிவ் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு திருத்தம். அப்புறம், இனி எந்தப் பழைய கேமராவை அறிமுகப்படுத்தினாலும் அது 120-க்கா, 220-க்கா, இரண்டுக்குமா, 620-க்கா என்று கடைசியில் ஒரு வரி. இடமில்லையென்றால் சின்ன எழுத்தில் போட்டாலும் போதும், கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறோம்.

இந்த முறை முதல் வரியில் பாராட்டு எதுவும் எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

தங்கள்,
பல வருடச் சந்தாதாரன்